ஈரக் கோடு

கதவு என்கிற ஆட்டக்காரருக்குச் சிவப்பு அட்டை காட்டியது சரியா தப்பா என்று ஊரே ஒரு வாரம் அடித்துக்கொண்டது. அதில் அதிகமாகக் கத்தியவன் நான். எனக்கு எப்போதும் கோபம் மூக்கு நுனியில்தான். போதாததற்கு, அடிபட்டுக் கிடந்தவன் என் அக்கா மகன்.

நான் ரக்பி ஆடியவன் இல்லை. நகர மைதானத்தில் புல் வெட்டுவதும் கோடு போடுவதும் என் வேலை. பதினெட்டு வருடமாக என் கோட்டை யாரும் குறை சொன்னதில்லை. கயிறு கட்டி, கண்ணை இடுக்கிப் பார்த்து, பெயிண்ட் வண்டியைத் தள்ளினால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு விரல்கூட விலகாது. எவன் ஜெயித்தால் எனக்கென்ன, கோடு பளிச்சென்று தெரிய வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம். காலையிலிருந்து தூறல். இரண்டாம் பாதியில் என் மருமகன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவந்தான். எதிரணித் தலைவர் அவனைத் தடுக்கப் பாய்ந்தார். அவருடைய தோள் நேராக இவன் தலையில் இடித்தது. இவன் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. நடுவர் ஓடிவந்து சிவப்பு அட்டையை நீட்டினார். அந்தத் தலைவரைத்தான் எல்லோரும் கதவு என்று கூப்பிடுவார்கள், அவரைத் தாண்டி யாரும் போக முடியாது என்பதால். பிழைப்புக்கு லிஃப்ட் பழுதுபார்ப்பவர். முப்பத்தாறு வயது. மூன்று முறை இறுதி ஆட்டத்துக்குப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியவர். முழங்கால் இந்த வருடத்தோடு சரி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் வெளியே போன பிறகும் அவர் அணி எப்படியோ ஜெயித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம். ஆனால் வியாழக்கிழமை விசாரணையில் அட்டை உறுதியானால் அவருக்கு மூன்று ஆட்டம் தடை.

நடுவர் ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மருமகனுக்கு மாத்திரை வாங்கப் போனபோது கடையில் மருந்து வாங்குகிற கூட்டத்தைவிட வழக்காடுகிற கூட்டம்தான் பெரிது. இருமல் மருந்து வாங்க வந்தவர்கூட இருமலை மறந்துவிட்டுக் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"தோள் தலைல பட்டா சிவப்பு. அதுல என்ன பேச்சு?" என்றேன் நான்.

"அவ்வளவு சுலபம் இல்லைங்க," என்றார் மருந்துக்கடைக்காரர், மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே. "பந்து வச்சிருக்கிறவன் கடைசி நொடில திடீர்னு கீழ போனா, தடுக்கிறவன் என்ன பண்ணுவான்? அப்ப மஞ்சள்தான். பத்து நிமிஷம் வெளிய உக்காந்தா முடிஞ்சுது."

"எங்க பையன் கீழ போகவே இல்ல!"

"போன மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அங்க அவன் குனிய ஒரு காரணமும் இல்லையே. அதான் சிவப்பு காட்டினேன். காட்டிட்டு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல."

"உங்களுக்குத் தூக்கம் வரல. எங்க வீட்ல ஒருத்தன் வெளிச்சத்தப் பாக்க முடியாம படுத்திருக்கான்," என்றேன். இருமல்காரருக்கு மறந்துபோன இருமல் திரும்பி வந்துவிட்டது. பேச்சில் ஜெயித்த மிதப்போடு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா வீட்டில் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. மருமகனுக்கு இருபத்து மூன்று வயது. ஆட்டத்தில் என்ன நடந்தது என்று அவனுக்குத் துளியும் நினைவில்லை. அக்கா கட்டிலருகே உட்கார்ந்து அவன் நெற்றியை நீவிக்கொண்டிருந்தாள். கணவர் போன பிறகு அவளுக்கு இருப்பது இவன் ஒருவன்தான்.

அன்று மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அந்த எதிரணித் தலைவரேதான், கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு.

"தம்பி எப்படி இருக்கான்? ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறேங்க," என்றார். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு குரலைச் சுருக்கிப் பேசினார்.

அக்கா எழுந்து வந்து பார்த்தாள். அவள் முகம் போன போக்கைக் கண்டதும் எனக்கு வெறி ஏறியது. "தலைய உடைச்சிட்டுப் பழமா? போய்யா!" என்று சொல்லி அவர் முகத்துக்கு நேரே படாரென்று சாத்தினேன். "நல்லா செஞ்சடா," என்றாள் அக்கா. எனக்கும் அப்போது அது நல்ல காரியமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு ஆட்டத்தை யாரோ கைபேசியில் எடுத்த வீடியோ படத்தை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தோளைத்தான் பார்த்தேன். விசாரணைக்கு வந்து சத்தம் போட ஆளும் சேர்த்துவைத்தேன்.

புதன்கிழமை அக்கா மருமகனின் ஆட்டப் பையைக் கொடுத்து, "அந்த ஷூவ கழுவிப் போடுடா, வீடெல்லாம் நாறுது," என்றாள். மைதானத்துச் சாமான் அறைக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை மூடிய பிளாஸ்டிக் பைக்குள் சேறு காயாமல் அப்படியே இருந்தது. ஒரு குச்சியை எடுத்து இடது ஷூவின் அடிப்பக்கத்தைச் சுரண்டினேன். சேற்றுக்குக் கீழே வெள்ளை. அடியில் துருத்தும் பிடிமானக் கட்டைகளுக்கு நடுவில், தயிர்போல, கெட்டியாக.

குச்சியை வைத்துவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன்.

காலையில் நான் போடுகிற கோடு அப்படி ஒட்டாது. ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் விட்டுக் கலக்கி, இரண்டு மணி நேரம் காயவிட்ட பெயிண்ட் அது. இது தண்ணீரே கலக்காதது. அன்று முழுவதும் மைதானத்தில் அப்படி ஒரே ஒரு கோடுதான் இருந்தது. இடைவேளையில் பார்த்தபோது மைதானத்து முனையிலிருந்து இருபத்திரண்டு மீட்டர் தள்ளிப் போடுகிற குறுக்குக் கோடு மழையில் கரைந்து பாதி போயிருந்தது. "விடுங்க, எனக்குத் தெரியுது, இப்பப் போட்டா வழுக்கும்," என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க என் கோடு பல் போன வாய்போலக் கிடப்பதா? அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் வண்டியில் பெயிண்டை அப்படியே ஊற்றி, தடிமனாக ஒரே இழுப்பு இழுத்துவிட்டு வந்தேன்.

கைபேசியை எடுத்தேன். நாற்பத்தொன்றாவது தடவை தோளை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தேன். மருமகனின் இடது கால் வெள்ளைக் கோட்டில் பதிகிறது, வழுக்கிக்கொண்டு போகிறது. உடம்பு சரிகிறது. அதற்கு முன்பே பாய்ந்துவிட்ட கதவின் தோளுக்கு நேராகத் தலை இறங்குகிறது. மருந்துக்கடைக்காரர் தேடிய காரணம் என் கோடுதான்.

ஷூவைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்தேன். பொய் சொல்வானேன், கழுவத்தான் திறந்தேன். ஒரு நிமிட வேலை. வெள்ளை போய்விடும், மருமகனுக்கு நினைவில்லை, மருந்துக்கடைக்காரர் நான் போட்டதைப் பார்க்கவில்லை, பார்த்த மற்றவர்களுக்கு அது என் வழக்கமான வேலை. கதவு இறுதி ஆட்டத்தை வெளியே உட்கார்ந்து பார்ப்பார், நான் நல்ல மாமாவாகவே இருப்பேன். தண்ணீர் என் கையில் விழுந்துகொண்டே இருந்தது. ஆரஞ்சுப் பையோடு நின்ற அந்த ஆளின் முகம்தான் விடவில்லை. குழாயை மூடிவிட்டு ஷூவை மறுபடியும் அந்தப் பைக்குள் போட்டுக் கட்டினேன்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு விசாரணை. நூலகத்து மாடியில் ஒரு நீள மேசை. அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தபால் அலுவலகத்தில் அதிகாரியாக இருக்கும் ஒரு அம்மாள். கதவு தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா முன் வரிசையில். தடை விழுவதைக் கண்ணால் பார்க்காமல் போவதில்லை என்று வந்திருந்தாள். நான் சேர்த்துவைத்த ஆட்கள் பின்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தார்கள்.

"அடிபட்டவர் தரப்புல யாராவது பேசணுமா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

நான் எழுந்துபோய் மேசைமேல் ஷூவை வைத்தேன்.  எல்லாவற்றையும் சொன்னேன்: கரைந்த கோடு, தண்ணீர் விடாத பெயிண்ட், வழுக்கிய கால். படத்தையும் ஓட்டிக் காட்டினேன்.

"போட வேண்டாம்னு நடுவர் சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"கோடு அசிங்கமா இருந்துச்சுங்க," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மூன்று பேரும் தலைகளைச் சேர்த்துவைத்துப் பேசினார்கள். சிவப்பு மஞ்சளாகிவிட்டது, தடை இல்லை. இறுதி ஆட்டத்துக்குக் கோடு போட வேறு ஆள் வருவார் என்றும் அந்த அம்மாள் என்னைப் பார்க்காமலே சொன்னார். அது எனக்கு வலித்தது, மறைப்பானேன். ஆனால் நான் திரும்பி அக்காவைத் தேடியபோது நாற்காலி காலியாக இருந்ததைப் பார், அதுதான் கொன்றது.

அன்று இரவு ஐந்து முறை கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் எனக்கு முன்பே கதவு நின்றுகொண்டிருந்தார், அதே ஆரஞ்சுப் பையோடு. என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையசைத்து, கொஞ்சம் ஒதுங்கி எனக்கும் இடம் விட்டார். நான் பட்ட வெட்கத்துக்கு அளவே இல்லை.

அக்கா திறந்தாள். அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன. அவரைப் பார்த்தாள், பழப் பையைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க. அவன் முழிச்சுத்தான் இருக்கான்," என்றாள்.

அவர் குனிந்து நுழைந்தார். அவர் பின்னாலேயே நானும் ஒரு கால் எடுத்து வைத்தேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் என் முகத்துக்கு நேரே சாத்தினாள். படாரென்றுகூட இல்லை, மெதுவாக, தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்படி.

உள்ளே மருமகனின் குரல் கேட்டது. "அம்மா, வெளிய யாரு? மாமாவா?"

"ஆமா."

"வரச் சொல்லு."

அவள் காலடி வாசல் பக்கம் வந்து நின்றது. பிறகு அக்கா சொன்னாள்: "நிக்கட்டும்."

போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. நின்றேன்.