உங்கம்மாவாண்ட சொல்லிடு

பிள்ளையார்பாளையத்தில் மாணிக்கவாசகம் அவர்களின் குடும்பம் சண்டை சச்சரவு அறியாத குடும்பம் என்று பெயர் எடுத்தது. அவருடைய குரல் வாசலைத் தாண்டி வெளியே கேட்டதில்லை. அவருடைய துணைவியார் ஏலவார்குழலி அம்மையார் எதிர்த்து ஒரு சொல் சொல்லியும் எவரும் கேட்டதில்லை. இருவரும் ஒரே தறியில் அமர்ந்து, ஒருவர் கைக்கு இன்னொருவர் கை தப்பாமல் நெய்வதைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் புதுமணத் தம்பதியரிடம் போய்ப் புத்தி சொன்னவர்களும் அத்தெருவில் உண்டு. இத்தகைய நற்பெயருக்குக் குறைவு உண்டாக்கும்படி எதையும் கூறுவது முறையன்று. ஆயினும், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த வீட்டில் நடந்ததை உள்ளபடியே சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அன்று பிள்ளைகள் மூவரும் வந்திருந்தார்கள். மூத்தவர் சிவபாலன், செவிலிமேட்டில் சொந்த வீடு கட்டிக்கொண்டு ஒரகடத்துத் தொழிற்சாலைக்குப் போய் வருபவர். அடுத்தவர் கலைவாணி, ஆர்க்காட்டில் வாழ்க்கைப்பட்டவர். இளையவர் தினகரன், சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர். தந்தையாருக்கு வயது அறுபது நிறைவதை முன்னிட்டு, சித்திரையில் அறுபதாம் கல்யாணம் செய்து வைப்பதென்று மூவரும் சேர்ந்து தீர்மானித்திருந்தார்கள். மண்டபம் பேசியாயிற்று. பத்திரிகை அச்சாகி, பாதிக்குமேல் கொடுத்தும் ஆயிற்று. அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகக் கூறைப் புடவை தறியிலிருந்து இறங்கிவிட்டது. புதுத் தாலி மட்டும் தட்டாரிடமிருந்து வர வேண்டியிருந்தது.

அந்தத் தாலிக்குக் கழுத்தை நீட்டப் போவதில்லை என்று அம்மையார் மனத்துக்குள் முடிவு செய்து சில நாட்கள் ஆகியிருந்தன. பிள்ளைகளிடம் அதை எந்த வாயால் சொல்வது என்பதுதான் விளங்காமல் இருந்தது.

வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுத்தவர் தினகரன்தான். விழாவன்று மண்டபத்துத் திரையில் ஓட்டுவதற்காகத் தாயாரைப் பேசச் சொல்லிப் படம் பிடிக்க வேண்டுமென்று அவர் விரும்பினார். கூடத்தில் பாய் விரித்து அம்மையாரைச் சம்மணமிட்டு உட்கார வைத்தார்கள். கலைவாணி தாயாரின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு நெற்றிப் பொட்டைச் சரி செய்தார். அடுத்த அறையில் மாணிக்கவாசகம் அவர்கள் தறியில் அமர்ந்து அறுந்த பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். இடையில் கதவு திறந்தே இருந்தது.

"உன்னப் பத்தி சொல்லுமா. சும்மா ரெண்டு நிமிஷம்," என்றார் தினகரன், கைப்பேசியை உயர்த்தியபடி. "அப்பாவ மொதல்ல எப்பப் பாத்த, இத்தனை வருஷம் எப்டி ஓட்னீங்க, அந்த மாதிரி."

"சிரிச்சிக்கினே சொல்லணுமா?"

"சிரிச்சா நல்லா இருக்கும்."

அம்மையார் சிரிக்க முயன்று பார்த்தார். பிறகு, இந்தக் கல்யாணத்துக்குத் தம்மை யார் கேட்டார்கள் என்று வினவினார்.

"இன்னாமா, மறுபடியும் பொண்ணு பாக்க வரணுமா? வர்றோம், நீ பஜ்ஜி சுட்டு வை," என்றார் சிவபாலன். மூவரும் சிரித்தார்கள்.

"உங்கப்பா என்னாண்ட கேக்கலியே."

"அப்பாதான் என்னாண்ட சொன்னாரேமா, உங்கம்மாவாண்ட சொல்லிடுன்னு. நான் அன்னிக்கே உன்னாண்ட சொன்னேனே."

"நீ சொன்ன. அவரு சொல்லல. அவரு என்னாண்ட பேசி இருபது வருஷத்துக்கு மேல ஆவுது, சிவா."

அது பிள்ளைகளுக்குத் தெரியாத செய்தியல்ல. நாள்தோறும் கண்ணால் கண்டதுதான். மனைவியைப் பெயர் சொல்லி அழைக்காத ஆண்கள் நிறைந்த தெரு அது. ஆகையால் அந்த மௌனம் வெளியாருக்குக் கண்ணியமாகத் தோன்றியது. பிள்ளைகளுக்கோ, 'உங்கம்மாவாண்ட சொல்லிடு' என்பது தந்தையாரின் வழக்கமான பேச்சு. சில வீடுகளில் தந்தையர் எப்போதும் கோபத்தோடே பேசுவார்களே, அதைப்போல. தினகரனின் கைப்பேசி மெல்லக் கீழே இறங்கியது.

அம்மையார் சொல்லத் தொடங்கினார். குரலை உயர்த்தவில்லை. தாழ்த்தவும் இல்லை.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமைய வேண்டுமென்றால், இரண்டையும் இழை ஓட்டும் தனித்தனி நாடாக்கட்டைகளால் நெய்து, சேருமிடத்தில் இழையோடு இழை கோத்து வர வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். ஒருவர் தறியில் அமர்ந்து உடலை நெய்வார். இன்னொருவர் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். இறங்கும் புடவை தறியில் அமர்ந்தவரின் பெயரைச் சொல்லும். சேருமிடத்தில் குறை தெரிந்தால் மட்டும் பக்கத்தில் அமர்ந்தவரின் பேச்சு வரும். அந்த வீட்டில் தறியில் அமர்ந்தவர் கணவர். அம்மையார் மணமாகி வந்த நாள் முதல் பக்கத்தில் அமர்ந்தவர்.

தினகரன் தவழ்ந்துகொண்டிருந்த காலம். புடவையைப் பார்க்கப் பட்டு முதலாளி வீட்டுக்கே வந்திருந்தார். தெருவிலுள்ள நெசவாளர்கள் நான்கைந்து பேரும் உடன் இருந்தார்கள். புடவையை விரித்துப் பார்த்த முதலாளி, உடலும் கரையும் சேருமிடத்தில் பிசிறு தட்டுவதாகச் சொல்லி, கரைக்கு வேறு ஆளைப் போடும்படி மாணிக்கவாசகம் அவர்களிடம் கூறினார். பொம்பளை கை என்றும் ஒரு சொல் சேர்த்துக்கொண்டார். கணவர் பதில் சொல்வார் என்று அம்மையார் காத்திருந்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாய் சும்மா இருக்கல எனக்கு. கரையில ஒண்ணும் கோளாறு இல்லீங்க, உடம்புலதான் தறி அடி ஒரே மாதிரி விழல, வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டேன். மொதலாளியும் வாசலாண்ட எடுத்துக்கினு போய்ப் பாத்தாரு. பாத்துட்டு சிரிச்சாரு. உன் சம்சாரம் சொல்றதுதான்பா சரின்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

அன்றிரவு கணவர் வழக்கம்போல் உண்டு, கை கழுவி, உறங்கப் போனார். காலையில் சிவபாலனை அழைத்து, தாயாரைத் தறிக்கு வரச் சொல்லும்படி அனுப்பினார். தாயார் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். அதுதான் முதல் முறை.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் அம்மையார் நினைத்திருந்தார். பிறகு ஆடி முடிந்தால், பிறகு தீபாவளி வந்தால் என்று தவணை நீண்டது. ஒருநாள் காலில் விழுந்தும் பார்த்தார். அவர் காலை இழுத்துக்கொண்டு இழை பிணைக்கப் போய்விட்டார்.

"கரைக்கு வேற ஆளாச்சும் போட்டிருக்கலாம். போடல. என் கை இல்லன்னா அவருக்கு கரை நிக்காது. கை வேணும். வாய்தான் வேணாம்."

கலைவாணி ஒருமுறை தறி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, தாயாரின் முழங்கையைத் தொட்டார். போதும் என்பதற்காகவா, மேலே சொல் என்பதற்காகவா என்று அவருக்கே தெரிந்திராது. அம்மையார் நிறுத்தவில்லை. பிள்ளைகளிடம் தம்மைப் பற்றிப் பேசுவது இத்தனை எளிதாக இருக்குமென்று அவர் எண்ணியிருக்கவில்லை. இது தெரிந்திருந்தால் முன்பே பேசியிருக்கலாமே என்ற எரிச்சல்கூட உள்ளே எழுந்தது.

ஆரணியில் பிறந்த வீட்டில் தமக்கு வாயாடி என்றுதான் பெயர் என்றார். இப்போது காய்க்கடையில் கடைக்காரர் இன்னாமா வேணும் என்று கேட்டால், வேண்டாத காயையும் விலை கேட்டுக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டதாம். வங்கியில் வரிசைப்படி பெயர் சொல்லி அழைப்பார்கள். ஓர் ஆண் குரல் ஏலவார்குழலி என்று முழுப் பெயரையும் சொல்வதைக் கேட்பதற்காகவே, வேலை இல்லாத நாட்களிலும் புத்தகத்தில் வரவு பதிய அங்கே போவதுண்டாம். இதைச் சொல்லும்போது அம்மையாருக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை.

"வாணி, உன்ன ஆர்க்காட்ல குடுக்கறதா முடிவு பண்ணாங்களே, அத என்னாண்ட யாரு சொன்னா?"

சொன்னவர் கலைவாணிதான். தமக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் ஊரையும் பெயரையும் தந்தையாரிடம் கேட்டு வந்து, வெட்கத்தோடு அடுப்பங்கரையில் தாயாரிடம் ஒப்பித்தவர் அவரேதான்.

"எங்கம்மா செத்ததையும் அப்டித்தான் சொல்லி அனுப்னாரு. தினாதான் வந்தான். ரெண்டாவது படிச்சிக்கினு இருந்தான். கையில பம்பரக் கயிறு. ஆரணி ஆயா செத்துட்டாங்களாம், அப்பா உன்னாண்ட சொல்லச் சொன்னாருன்னான். சொல்லிட்டு, நானும் வர்றேன், பஸ்ல ஜன்னலாண்ட எனக்குதான்னான்." அம்மையார் இளையவரைப் பார்த்தார். "நீ கொழந்தடா. உன்ன ஒண்ணும் சொல்லல. ஆனா அவரு அங்கதான் நின்னுக்கினு இருந்தாரு, உன் பின்னாடியே."

தினகரனுக்கு அந்த நாள் நினைவில் இல்லை.

இத்தனை ஆண்டுகள் இதைத் தங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கலைவாணி கேட்டார். கேட்ட குரலில் வருத்தம் இருந்தது. சிறிது குறையும் இருந்தது.

"உங்களாண்ட எப்ப பேசனேன் நான்? சாப்பாடு ஆச்சு, ஜரிகை தீந்துபோச்சு, ஸ்கூல்ல பணம் கேக்கறாங்க, எல்லாம் அவருக்கு சொல்றதுக்குத்தான் உங்களாண்ட சொன்னேன். நீங்க எடுத்துக்கினு ஓடுவீங்க. உங்களுக்குன்னு இன்னிக்குதான் பேசறேன்."

பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார். மணையில் அமரத் தமக்குத் தடையில்லை. அவர் வந்து தம்மிடம் நேரில் கேட்க வேண்டும். அவ்வளவுதான். கேட்காமல் கட்டுகிற தாலிக்குத் தலை குனிய முடியாது.

சிவபாலனுக்குக் கோபம் வந்தது. தாயாரிடம் கோபப்பட்டுப் பழக்கமில்லாதவர் ஆதலால் அது வேண்டுகோள் போல வெளிப்பட்டது. இந்த வயதில் இது என்ன பிடிவாதம் என்றும், ஊரையெல்லாம் அழைத்தாயிற்று என்றும், பெரியப்பா முசரவாக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வருகிறார் என்றும் சொன்னார். "எந்த ஊர்லமா புருஷன் பொண்டாட்டியாண்ட வந்து பர்மிஷன் கேப்பான்?" என்றார். எழுந்து தறி அறைக்குப் போனார். தணிந்த குரலில் பேச்சு நடந்தது. திரும்பி வந்து, "மா, அப்பா இன்னா சொல்றாருன்னா," என்று தொடங்கினார்.

"அண்ணா, நீ சொல்லாத," என்று கலைவாணி குறுக்கிட்டார். அவர் எழுந்து நின்றுவிட்டிருந்தார். "அப்பா, நீயே வந்து சொல்லுப்பா. அம்மா இங்கதான் இருக்குது."

மாணிக்கவாசகம் அவர்கள் வாசற்படி வரை வந்தார். விரல்களில் அறுந்த பட்டிழை ஒன்று சுற்றியிருந்தது. அவர் கெட்டவர் அல்லர். குடித்தவரல்லர், கை நீட்டியவரல்லர், வீட்டுக்கு ஒருநாளும் குறை வைத்தவரல்லர்.

அவர் பேசினால் என்ன பதில் சொல்வது என்று அம்மையாருக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. வா என்று ஒரு சொல் வந்தால் போதும், எழுந்து போய்விடுவோம் என்று தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்குமேல் ஆன பிறகும் அந்த ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிந்தபோது, தம்மீதே அவருக்கு அருவருப்பு உண்டாயிற்று.

பெரியவரின் பார்வை கலைவாணியைத் தாண்டியது, சிவபாலனைத் தாண்டியது, மனைவியாரின் தலைக்குமேல் சுவரில் சிறிது நின்றது. பிறகு இளையவரைக் கண்டுகொண்டது.

"தினா, இஷ்டம் இல்லன்னா வேணாம்னு சொல்லிடு. நான் மட்டும் கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிக்கறேன்."

திரும்பிப் போய்த் தறியில் அமர்ந்துவிட்டார்.

தினகரன் சிறுவயதுப் பழக்கத்தால் தாயாரை நோக்கித் திரும்பினார். "மா, அப்பா..." என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

"காதுல வுழுந்துது," என்றார் அம்மையார்.

கலைவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். சிவபாலன் சிறிது நேரம் விரல்களால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, தெருக்கதவோரம் போய் நின்று பெரியப்பாவுக்குப் போன் செய்தார். விழா இப்போதைக்கு இல்லை என்றார். காரணம் கேட்டிருப்பார்கள் போலும். "அம்மாவுக்கு முட்டி வலி பெரியப்பா. கீழ உக்காரவே முடியல. டாக்டரு கூடாதுன்னுட்டாரு," என்றார் மிகுந்த பணிவோடு.

அம்மையார் பாயில் சம்மணமிட்டபடியே அதைக் கேட்டார். இனி நடக்கப் போவது அவருக்குத் தெரியும். அடுத்த வாரமே உறவினர்கள் தைலப் புட்டியும் ஆரஞ்சுப் பழமுமாக முட்டியை விசாரிக்க வருவார்கள். அவர் கால் நீட்டி உட்கார்ந்து, ஆமாம் என்று தலையசைக்க வேண்டும்.

கையை ஊன்றாமல் எழுந்து மகனருகே போனார்.

"சிவா, முட்டி எப்டி இருக்குதுன்னு யாரு கேட்டுக்கினு வந்தாலும், நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுவேன். எதுக்கு மணையில உக்காரலன்னும் சொல்லுவேன்."

சிவபாலன் கைப்பேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "மானம் பூடும்மா. ப்ளீஸ்."

"யாராண்டயும் சொல்லி அனுப்ப மாட்டேன். நானே சொல்லுவேன்."

அவர் தாயாரை ஒருமுறை பார்த்தார். பிறகு கைப்பேசியோடு தெருவில் இறங்கி, தாயாரின் குரல் பெரியப்பாவுக்குக் கேட்டுவிடாதபடி கதவைச் சாத்தினார். மிகவும் மெதுவாகத்தான் சாத்தினார். அவர் மரியாதை அறிந்த பிள்ளை.