இன்ஜின் நின்ற பிறகு

அண்ணன் தன் தங்கையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். நர்ஸ் இரண்டு முறை அவன் கையைப் பிடித்து விலக்கினாள். அடுத்த முறை விலக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்ட டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டர், நிறத்தைப் பாருங்க. கன்னம் எப்படிச் செவந்து இருக்கு. செத்தவங்க இப்படியா இருப்பாங்க? இன்னொரு தடவை நல்லாப் பாருங்க."

டாக்டர் இன்னொரு தடவையும் பார்த்தார். கேட்டதற்காகத்தான் பார்க்கிறார் என்பது அண்ணனுக்கே தெரிந்தது.

"அந்தச் செவப்புதாங்க அடையாளமே" என்றார். "கரி அரைகுறையா எரியுறப்ப வர்ற வாயு. மூடின இடத்துல சேர்ந்துட்டா ஆளைச் சாய்ச்சிடும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வலிச்சிருக்காது. தூக்கம் வர்ற மாதிரி இருந்திருக்கும்."

பிணப் பரிசோதனை முடிய மாலையாகும் என்றும் சொன்னார். அண்ணன் சரி சரி என்று தலையாட்டினான். எதுவும் மண்டையில் ஏறவில்லை. அவன் வேன் ஓட்டுகிறவன். சாலையில் எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறான். சாவு என்றால் ரத்தம் இருக்கும், கூட்டம் இருக்கும், யாராவது ஓலமிடுவார்கள். இவளோ கல்யாணத்தன்றுகூட இவ்வளவு களையாக இருந்ததில்லை. காலையில்தான் போன் செய்து, "வரும்போது துணி சோப்பு வாங்கிட்டு வாண்ணே, உன் மாப்பிள்ளைகிட்ட சொன்னா போல்ட்டும் நட்டும்தான் வாங்கிட்டு வருவார்" என்று சிரித்தாள். சோப்பு இன்னும் அவன் சட்டைப் பையில் இருந்தது.

உன் மாப்பிள்ளை என்று அவள் சொன்னது தன் கணவனை. அந்த மாப்பிள்ளை இப்போது வராந்தா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நல்ல மோட்டார் மெக்கானிக்காக இருந்தவன். விறகில் ஓடுகிற ஜெனரேட்டர் செய்து விற்கப் போகிறேன் என்று அந்த வேலையை விட்டபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அண்ணன் அடித்துக்கொள்ளவில்லை. 'விஞ்ஞானி' என்று பேர் மட்டும் வைத்தான்.

விஞ்ஞானி செய்த மெஷின் ஆள் உயர இரும்பு டிரம். மேலே மரத்துண்டுகளைக் கொட்டி மூட வேண்டும். உள்ளே நெருப்பு. ஆனால் அதற்கு வயிறு நிறையக் காற்றுக் கொடுக்கக் கூடாது, அரைப்பட்டினி போட வேண்டும். அப்போது விறகு சாம்பலாகாமல் வாயுவாக மாறும். அதைக் குளிரவைத்து, மரத்தூளில் வடிகட்டி, பழைய கார் இன்ஜினுக்குக் கொடுத்தால் பெட்ரோல் இல்லாமலே ஓடி மின்சாரம் தரும். முதல் வருஷம் முழுக்க அது இருமியது, நின்றது, கரியைத் துப்பியது. தங்கைதான் மரம் வெட்டினாள், வடிகட்டியைக் கழுவினாள், பார்க்க வருகிறவர்களிடம் பேசினாள். மாப்பிள்ளைக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அவள் பேசினால் மெஷினே வெட்கப்படும்.

நாளைக்கு இரண்டாவது மெஷினை ஒருவர் வீட்டில் இறக்க வேண்டும். அதை ஏற்றத்தான் அண்ணன் இன்று வேனோடு வந்தான். பட்டறை ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஒரு வாரமாகப் பெய்கிற மழை அன்று சாய்ந்து அடித்தது. சாரல் உள்ளே வரக் கூடாதென்று இறக்கியிருப்பாள். "விஞ்ஞானி வீட்டுல சாப்பாடு உண்டா?" என்று குரல் கொடுத்தான். பதில் இல்லை. குனிந்து ஷட்டரைத் தூக்கினான். மெஷினுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே கொடி கட்டி ஈரத்துணிகளைப் போட்டிருந்தாள். பாதித் துணி கூடையில் இருந்தது. கூடைக்குப் பக்கத்தில் அவள், ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்தபடி. இன்ஜின் நின்றிருந்தது. புகை இல்லை, வாடை இல்லை. கரண்ட் அடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான்.

மெஷினை ஓட்டி நிறுத்திவிட்டுக் கடைக்குப் போயிருந்த மாப்பிள்ளை ஓடிவந்தபோது அண்ணன் அவளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

இப்போது சித்தி வந்துவிட்டாள். இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக உள்ளே போனாள். அவள் குரல் உள்ளேயிருந்து ஒருமுறை எழும்பி அடங்கியது. வெளியே வந்து மாப்பிள்ளைக்கு எதிர்ப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை அழவில்லை. கரி படிந்த ஆள்காட்டி விரலால் பெஞ்சின் மேல் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வட்டம், வட்டத்திலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் ஒரு பெட்டி. அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே அவள் கிடக்கிறாள், இவன் இங்கே படம் போடுகிறான்.

"மச்சான், ஓடும்போது ஒரு பொட்டு வெளிய வராது."

"எது?"

"வாயு. இன்ஜின் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். எங்க ஓட்டை இருந்தாலும் வெளிக்காத்து உள்ள போகுமே தவிர, உள்ளது வெளிய வராது. நான் ஒவ்வொரு மூட்டுலயும் புகையிற குச்சியைக் காட்டிப் பாத்திருக்கேன். நீங்ககூட நின்னு பாத்தீங்க."

"இப்ப எதுக்கு மாப்ள இதெல்லாம்?"

"நிறுத்தின பிறகு பாக்கல மச்சான்." விரல் அந்தப் பெட்டியின் மேலேயே நின்றது. "ஓடும்போதுதான் பாத்தேன். நூறு தடவை பாத்திருப்பேன், எல்லாம் ஓடும்போது. நின்னுட்டா வேலை முடிஞ்சுதுன்னு கையைக் கழுவிட்டுப் போயிடுவேன். ஆனா உள்ள நெருப்பு நிக்காதே. அது பாட்டுக்கு வாயு செஞ்சுக்கிட்டே இருக்கும். உறிஞ்ச ஆளில்ல. அப்ப அது எங்க போகும்?"

மெஷின் அண்ணனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மாப்பிள்ளையின் முகத்தில் தெரிந்தது முழுசாகப் புரிந்தது.

மாப்பிள்ளை சட்டென்று எழுந்தான். பையைத் தடவிப் போனை எடுத்தான். காதில் வைத்தான், பார்த்தான், மறுபடி வைத்தான். பிறகு யாரிடமும் எதுவும் சொல்லாமல் வாசலைப் பார்த்து நடந்தான். நடை ஓட்டமாக மாறியது.

"பாருடா" என்றாள் சித்தி. "பொண்டாட்டியப் பொணமா உள்ள போட்டுட்டு எங்க ஓடுறான்னு பாரு."

அண்ணன் துரத்திப்போய் வாசல்படியில் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தான். அவனை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. வாய் தானாக வந்தது.

"எங்கடா போற? எங்கடா போற நீ?"

"கோழிக்காரர் வீட்டுக்கு."

அண்ணனின் பிடி தளர்ந்தது. கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடம் வைத்திருப்பவர்தான் கோழிக்காரர். முதல் மெஷின் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் அவன் வேனில்தான் போனது.

"போன் போகமாட்டேங்குது மச்சான். மழைக்கு முன்னாடி கதவைத் திறந்து போட்டிருப்பாங்க, நம்மள மாதிரியே. இப்ப சாத்தியிருப்பாங்க. துணி காயப்போடச் சொல்லிட்டு வந்தாளே இவ. நிறுத்தினப்புறம் ரெண்டு மணி நேரம் சூடு இருக்கும், இஸ்திரி போட்ட மாதிரி காயும்னு கோழிக்காரர் சம்சாரத்துகிட்ட சொன்னாளே. நான் பக்கத்துல நின்னு தலையாட்டினேனே."

அண்ணன் திரும்பி வராந்தாவைப் பார்த்தான். சித்தி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. வேன் சாவியை எடுத்தான்.

வழியெல்லாம் மழை. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. மாப்பிள்ளை போனை அழுத்தியபடியே வந்தான். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்குரல், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று சொல்லிவைத்தது. அண்ணனுக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, அந்தப் பெண்ணின் மேலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் மேலும். கோபம் இருந்த இடத்தில் துக்கம் இருந்திருக்க வேண்டும். அது இன்னும் வந்து சேரவில்லை. தங்கை செத்துவிட்டாள் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். யாரோ வேறு ஒருவரின் தங்கையைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருந்தது.

"காலையில கரண்ட் இல்ல" என்றான் மாப்பிள்ளை. "அவரும் மெஷினை ஓட்டிக்கிட்டுதான் இருப்பார். ஓடுற வரைக்கும் பயமில்ல."

அண்ணன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். ஓடட்டும், ஓடட்டும் என்று அவனும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான்.

கடைத்தெரு திருப்பத்தில் ஒரு டீக்கடை. ட்யூப்லைட் எரிந்தது. அடுத்த கடையிலும் எரிந்தது. செல்போன் கடையில் பெயர்ப்பலகை முழுக்க வண்ண விளக்கு. வேறு நாளாக இருந்தால் அண்ணனே சந்தோஷப்பட்டிருப்பான்.

"கரண்ட் வந்துடுச்சு மச்சான்" என்றான் மாப்பிள்ளை.

அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

கோழிக்காரர் வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோது இன்ஜின் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கூடத்துக்குப் பக்கவாட்டில் இறக்கிய சார்ப்புதான் மெஷின் அறை. தகரக் கதவு சாத்தியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டுக் கோழிக்காரரின் மனைவி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"அடடே, வாங்க வாங்க. என்ன இந்த மழையில? அவர் தீவனம் வாங்கப் போயிருக்கார்."

"உள்ள யாரும்மா இருக்கா?"

"மெஷின் ரூம்லயா? மாமாதான். காலையிலேருந்து தலையை வலிக்குதுன்னார். சூட்டுல கொஞ்சம் உக்காந்தா சரியாப் போகும்னு..."

"மூச்சைப் பிடிச்சுக்கங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கதவைத் தள்ளினான்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அது ஒரு நல்ல வெதுவெதுப்பு, அதுதான் அண்ணனைக் கலங்கடித்தது. கொடி நிறையத் துணி. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர். கால்களைச் சால்வையால் போர்த்தி, தலை மார்பில் தொங்க உட்கார்ந்திருந்தார். அண்ணன் யோசிக்கவில்லை. நாற்காலியோடு தூக்கினான். மாப்பிள்ளை மறுபக்கம் பிடித்தான். வாசற்படியில் கால் இடறி, சுவரில் மோதி, மழைக்கு நடுவில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அந்த அம்மாள் "மாமா, மாமா" என்று உலுக்கினாள். பெரியவரின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மழை முகத்தில் அடித்தது. அண்ணன் அவர் மார்பில் கை வைத்தபடி மண்டியிட்டிருந்தான். தன் இதயத்துடிப்பா அவருடையதா என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பெரியவர் இருமினார். மறுபடி இருமினார். வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து, எதிரில் இருந்தவனைக் கொஞ்ச நேரம் யாரென்று தேடினார்.

"ஏம்ப்பா" என்றார், குழறலாக. "வேன்காரன்தானே நீ?"

"ஆமாங்க."

"நீதானே அன்னைக்கு மெஷினை எறக்கிட்டுச் சொன்ன. குளிர்னா ஒரு நாற்காலியைப் போட்டு இது பக்கத்துல உக்காந்துக்கங்க பெரியவரேன்னு." மூச்சு வாங்கியது. "சொன்ன ஆளே தூக்கிட்டு வந்து மழையில போடுறியே."

அண்ணனுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பான். சிரிப்புக்காக எதையாவது சொல்கிறவன்தான் அவன். தங்கையும் பக்கத்தில் நின்று சிரித்திருப்பாள்.

"தெரியாம சொல்லிட்டேங்க" என்றான். சால்வையை எடுத்துப் பெரியவரின் தலைக்கு மேல் மழைக்கு மறைவாகப் பிடித்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்து வந்தார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, அது விஷவாயு என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளை அந்த அம்மாளிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் காரில் ஏறப்போனவள், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா சொன்னதைக் கேட்டுத்தாங்க துணியும் போட்டேன். அவங்களுக்கும் இது தெரியாதா?"

மாப்பிள்ளை திரும்பி மெஷின் அறைப் பக்கம் நடந்தான்.

"தெரியாதும்மா" என்றான் அண்ணன். "நீ கெளம்பு."

கார் போனது. அண்ணனின் போன் அடித்தது. சித்தி. அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தான். மழை கொஞ்சம் கூடிய மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை மெஷின் அறை வாசலில் நின்றான். காற்று கதவை மெல்லச் சாத்த வந்தது. அவன் தள்ளித் திறந்தான். மறுபடி சாத்த வந்தது. பேன்ட் பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தான். கதவின் அடிக் கீலில் இருந்த போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான். துருப்பிடித்த போல்ட், லேசில் நகரவில்லை. கை வழுக்கி விரலில் தோல் உரிந்தது. அவன் விடவில்லை.

அண்ணன் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் போய்க் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். கடைசி போல்ட் கழன்றபோது மொத்த பாரமும் அவன் கைக்கு வந்தது.

"தலைப்பக்கம் நீங்க பிடிங்க மச்சான்."

ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, அடிமேல் அடி வைத்து வெளியே கொண்டுவந்து, சத்தம் வராமல் தரையில் கிடத்தினார்கள். தகரத்தின் மேல் மழை பெய்தது. இருவரும் அதன் இரண்டு பக்கமும் நின்றார்கள்.