வரையாட்டு மார்க்

பார்க்காததையே வரைந்து பிழைத்தவன் நான். திருப்பூர் பனியன் பெட்டிகளில் நான் போட்ட சிங்கம், கப்பல், ஒட்டகம் எதையும் என் கண் கண்டதில்லை. அதனால் அறுபத்தி நாலில் முதலாளி ரத்தினசாமி, "வரையாட்டு மார்க்குன்னு புதுசா பனியன் போடறனுங்க. மலைக்கே போயி நேருல பாத்து வரையோணும். கீழ உங்க பேரையும் போட்டர்றேன்" என்றபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. கன்னையன் என்ற பெயர் அதுவரை எந்தப் பெட்டியிலும் வந்ததில்லை.

ஆனால் அவரும் கூட வருவார் என்று யார் கண்டது?

கொமரலிங்கத்துக்குத் தெற்கே மலையேறினோம். வழிகாட்ட அடிவாரத்து மாரப்பன் வந்தார். "பேசாம வாங்க சாமி" என்று கெஞ்சினார். முதலாளி வாய் மூடினால்தானே? கம்பெனி வைப்பதற்கு முன் பண்ணையம் பார்த்தவர் அவர். எந்த மிருகத்தைப் பார்த்தாலும் மாட்டுச் சந்தை ஞாபகம்தான். சோலைக்குள் ஒரு கடமான் நின்றது. நான் பென்சிலை எடுப்பதற்குள், "காலு நல்லா இருக்குது, வயிறுதான் ஒட்டிக் கெடக்குது" என்று சத்தமாகச் சொன்னார். மான் பறந்துவிட்டது. மலைமுகட்டில் நடந்தபோது கீழே சரிவில் காட்டுமாடுகள் மேய்ந்தன. "நம்ம காங்கேயம் காளைக்கு முன்னால இதெல்லாம் நிக்குமா?" என்று கைதட்டிச் சிரித்தார். அவையும் போயின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படியளக்கிறவரை என்ன சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

முகடு முடிகிற இடத்தில் புல்வெளி. ஏறிய களைப்பில் முதலாளி ஒரு பாறையில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். முருகன் காப்பாற்றினான். அப்போதுதான் பள்ளத்து விளிம்பில் ஒரு வரையாட்டுக் கடா வந்து நின்றது. கரும்பழுப்பு உடம்பு, முதுகில் சாம்பல் பூசினாற்போல ஒரு திட்டு, பின்னால் வளைந்த கொம்பு. தாடி கிடையாது. அது அசை போட்டது, நான் வரைந்தேன். அழுகை வந்தது என்றால் சிரிப்பீர்கள், வந்தது.

"அடேங்கப்பா! மாட்டுக்காட்டம் முதுகுல சுழி பாத்தீங்களா?" முதலாளி விழித்துவிட்டார். கடா பள்ளத்துக்குள் பாய்ந்து மறைந்தது. போகட்டும், படம் முடிந்திருந்தது.

ஊருக்கு வந்து வண்ணம் தீட்டிக் கொடுத்தேன். முதலாளி வெகுநேரம் பார்த்தார்.

"தாடி எங்கீங்க?"

"அதுக்குத் தாடி இல்லீங்க. நீங்களும்தான் பாத்தீங்களே."

"நான் பாத்தனுங்க. பனியன் வாங்கறவன் பாத்தானா? தாடி இல்லாட்டி ஆடுன்னு எவன் நம்புவான்? ஒண்ணு வெச்சுருங்க. நெறத்தையும் வெள்ளையாக்கிருங்க, பனியனுக்குப் பொருந்தும்."

"அப்ப எதுக்குங்க என்னைய மலையேத்துனீங்க?"

"நேருல பாத்து வரைஞ்சதுன்னு போட்டுக்கலாமில்லீங்க!"

முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். அச்சகத்துக்காரர் தாடி வைத்து, நிறத்தையும் வெள்ளையாக்கிக் கொடுத்துவிட்டார். பெட்டி கடைக்கு வந்தது. மேலே, நம்மூர் வேலியோரம் முருங்கைத் தழை தின்கிற அதே வெள்ளாடு. கீழே, 'நேரில் கண்டு வரைந்தவர்: கன்னையன்.'

கம்பெனிக்கு ஓடினேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க, என்ற பேரை மட்டும் எடுத்துருங்க."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கிருந்தவர்களிடம், "இத்தன தன்னடக்கம் யாருக்குங்க வரும்?" என்றார். அடுத்த அச்சில் என் பெயரை இரண்டு மடங்கு பெரிதாகப் போடச் சொல்லிவிட்டார்.