மூணாவது குரூப்

கோட்டின் கை கலைமதிக்கு மணிக்கட்டு வரை எட்டவில்லை. மருந்துக் கடையின் பின்னறையில், குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு இரண்டு முறை இழுத்துவிட்டுப் பார்த்தாள். இடது மார்பில் காயத்ரி என்று நீல நூலில் தைத்திருந்தது. காயத்ரி, முதலாளி அரங்கநாதனின் மகள். அவளுடைய பார்மசிஸ்ட் சான்றிதழின் பேரில்தான் கடை நடக்கிறது. சான்றிதழ் கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. காயத்ரி கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள். மருந்துக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பஸ் ஏறி வந்து, கோட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். இன்று வரமுடியாது என்று சொல்லிவிட்டாள்.

"இன்ஸ்பெக்டரு புதுசு. யாரையும் தெரியாது. அஞ்சு நிமிஷம் காயத்ரின்னு ஒக்காந்துக்க, போதும்" என்றார் அரங்கநாதன், கதவுக்கு வெளியே நின்றபடி.

"கண்டுபுடிச்சிட்டா மொதலாளி?"

"பார்மசிஸ்ட் இல்லன்னு கடைய மூடிட்டா? நீயும் நானும் நம்மூரு மலைக்கோட்டைய ஏறிச் சுத்திப் பாக்க வேண்டியதுதான்." சிரிக்க முயன்றார். வரவில்லை. "உனக்குத் தெரியாத மருந்தா? எனக்கே நீதான சொல்ற."

அது உண்மைதான். பதினோரு வருடமாக பில் போடுகிறாள். எதை வெறும் வயிற்றில் போட வேண்டும், எதோடு எதைச் சேர்த்துப் போடக்கூடாது எல்லாம் தெரியும். டாக்டரின் கிறுக்கலை டாக்டரை விட வேகமாகப் படிப்பாள். ஒருமுறை விழுப்புரம் போய், பார்மசிஸ்ட் ஆவதற்கான டி.பார்ம் படிக்க விண்ணப்பம் கேட்டாள். கல்லூரி ஆபீஸில் இருந்த அம்மா பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை விரித்துப் பார்த்துவிட்டு, அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "காமர்ஸா? சயின்ஸ் இல்லாம முடியாதும்மா."

நைனாவை நினைத்துக்கொண்டாள். பத்தாவதில் கலைமதி நானூற்று முப்பத்தெட்டு. அறிவியலில் தொண்ணூற்று நாலு. ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு நைனா ஆதிமூலம் சித்தாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பலகையில் குரூப்புகள் எழுதிப் போட்டிருந்தார்கள். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. கிளார்க் நிமிராமல், "எந்த குரூப்பு? ஒண்ணா, ரெண்டா, மூணா?" என்றார். நைனா ஒரு நொடி யோசித்தார். பிறகு மூன்று விரலைக் காட்டி, "மூணுங்க" என்றார். ஒண்ணாவது வகுப்பை விட மூணாவது வகுப்பு பெரிது, அந்தக் கணக்கு.

கலைமதிக்குத் தெரியும். முதல் குரூப்பில்தான் உயிரியல் என்பதும், மூணாவது காமர்ஸ் என்பதும். வாயைத் திறந்தாள். பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றிருந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள், அவளோடு படித்த பெண்கள். இல்ல நைனா என்று சொன்னால் அத்தனை பேரும் அந்த மூன்று விரலைப் பார்ப்பார்கள். கிளார்க் எழுதி முடித்துவிட்டார்.

ஊருக்கு, பனமலைக்குத் திரும்பும் பஸ்ஸில் நைனா கண்டக்டரிடம் சொன்னார்: "எடுத்த எடுப்புல மூணாவது குரூப்பே குடுத்துட்டாங்க!"

"ஒண்ணு, ரெண்டெல்லாம் வாணாமா?"

"அதெல்லாம் தாண்டிட்டா எம் பொண்ணு."

நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். ஒரு வாரம் அப்படியே நினைத்தாள். நைனா போய் நாலு வருடமாகிறது. கடைசிவரை அவருக்குத் தெரியாது. அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், அந்த விரல்களுக்குப் பக்கத்தில் திறந்து மூடிய தன் வாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

கைப்பேசி அடித்தது. காயத்ரி.

"அக்கா, அப்பா உங்கள ஒக்காரச் சொன்னாரா? வேணாம்க்கா. ஒருவாட்டி ஒக்காந்தீங்கன்னா அப்புறம் ஒவ்வொரு வாட்டியும் நீங்கதான்."

"நீ வந்துட்டா நான் ஏன் ஒக்காரப் போறேன்?"

"தவளைய அறுக்கச் சொன்னப்ப அழுதேன்க்கா. கடைக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்னு தள்ளிவிட்டாரு. இப்ப வரைக்கும் அந்த செவுத்துலதான் தொங்கினு இருக்கேன்."

பாவம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. தவளை எப்படி இருக்கும் உள்ளே என்றுதான் கலைமதி நினைத்தாள். போனை வைத்துவிட்டு, பொத்தான்களைக் கீழேயிருந்து மேலாகப் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஆதவன் இரண்டரை மணிக்கு வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "காயத்ரி?"

தலையசைத்தாள்.

ஐந்து நிமிடத்தில் அவர் போகவில்லை. இன்சுலின் எத்தனை டிகிரியில் என்றார். தூக்க மாத்திரை ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர சாப்பிடறவரு, முட்டி வலிக்கு மாத்திர கேக்கறாரு. குடுப்பீங்களா?"

"மாட்டேன் சார். வயித்துல ரத்தம் கசியும். டாக்டர பாத்துட்டு வரச் சொல்லுவேன்."

தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. முதுகு நிமிர்ந்திருந்தது. அடுத்த கேள்வி வராதா என்று இருந்தது. கோட்டுக்குள் வியர்த்தாலும் கழற்றத் தோன்றவில்லை; அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"காலையிலேர்ந்து நாலு கடை பாத்துட்டேன். எல்லாம் பொம்ம மாதிரி ஒக்காந்திருக்காங்க" என்றார் ஆதவன். "ஸ்கூல் நாள்லேர்ந்தே இதான் படிக்கணும்னு இருந்தீங்களோ?"

"ஆமா சார்."

அவர் ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அவள் பேனாவை எடுத்தாள்.

"அடியே கலை!"

கடை வாசலில் வள்ளியம்மாள். பனமலையில் கலைமதி பிறந்த வீட்டுக்கு எதிர்வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறாள். "இன்னாடி இது, டாக்டரம்மா கணக்கா ஒக்காந்துக்கினு?"

அரங்கநாதன் கல்லாப் பெட்டிக்குள் எதையோ தேடத் தொடங்கினார். ஆதவன் வள்ளியம்மாளைப் பார்த்தார். பிறகு கலைமதியின் இடது மார்பில் இருந்த பெயரைப் பார்த்தார்.

"ஏய், ஆதிமூலம் பொண்ணே, ஒன்னத்தான்! காது அடச்சிப் போச்சா? சக்கர மாத்திர தீந்துபோச்சி. மூணரை மணி பஸ்ஸுக்குப் போவணும், குடு சீக்கிரம்."

கலைமதி நிமிரவில்லை. வள்ளியம்மாள் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, மாத்திரை தீர்ந்த அட்டையைப் போட்டாள். அது ரிஜிஸ்டரின் மேல் விழுந்தது. பத்துக் குழியும் கிழிந்த வெள்ளி அட்டை, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு, மின்விசிறிக் காற்றில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.