சிவப்பி காத்த முட்டைகள்

முட்டையே இல்லாமல் அடையில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கோழியை என்னதான் செய்வது? அபியின் அப்பா குணசேகரன் நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கெழம பொதட்டூர்பேட்டைலருந்து பாவா வர்றாரு. கொழம்பு வெச்சிடலாம்."

அபிக்குப் பகீரென்றது. சிவப்பி அவள் கையில் தின்று வளர்ந்த கோழி! முட்டையெல்லாம் கீரி கொண்டுபோனதற்கு அது என்ன செய்யும், பாவம்?

வெள்ளிக்கிழமை மழை விட்டதும் தம்பி வளவன் கொல்லையிலிருந்து கத்தினான். "அக்கா, ஓடியா! முட்டை!"

வாழையடியில், மக்கிய குப்பைக்குள் பாதி புதைந்து, வெள்ளை வெளேரென்று மூன்று. தொட்டால் மெத்தென்று அமுங்கின. பாம்பு முட்டை என்றான் வளவன்; சொன்ன கையோடு அக்கா முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான், பெரிய வீரன்! அபி அம்மாவின் போனில் படம் பிடித்துத் தேடினாள். ஏதோ நாற்றக் காளானாம், முளைக்குமுன் முட்டைபோல இருக்குமாம், குறுக்கே அறுத்தால் தெரிந்துவிடுமாம்.

அவள் கையிலிருந்த கத்தியை அம்மா நிர்மலா வெடுக்கென்று பிடுங்கினாள். "அறுப்பியா? அடிப்பாவி! மலைமேலருந்து மயிலு தெனம் நம்ம கொல்லைக்கு வந்துகினு கீது. மயில் முட்டைடி இது! முருகன் கண்ணக் குத்திடுவாரு!"

மூன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவளே அடைக்கூடையில் இருந்த சிவப்பிக்கு அடியில் தள்ளினாள். அப்பாடா! கோழி இறக்கையை விரித்து உட்கார்ந்த ஜம்பத்தைப் பார்க்கவேண்டுமே!

"மயில் பொரிஞ்சா சிவப்பிய உட்டுடுவீங்களா நைனா?"

"ஆங். ஞாயித்துக்கெழமக்குள்ள பொரிஞ்சா உட்டுடறேன்" என்று சிரித்தார் குணசேகரன். அபிக்கு அழுகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சொன்ன அந்தப் பாவா, பொதட்டூர்பேட்டை சேட்டு மாமா, பசியோடு வந்து இறங்கினார். மசாலா அரைத்தாயிற்று. குணசேகரன் கூடைக்குள் கைவிட்டதுதான் தாமதம், சிவப்பி அலறிக்கொண்டு பறந்து நேராக மாமாவின் மடியில் விழுந்தது. வயிறெல்லாம் பச்சைக் கொழகொழப்பு, செத்த எலி நாற்றம்!

"உவ்வே! உள்ளாரவே அழுகிப்போன கோழியையா எனக்குப் போடப் பாத்த?" மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடினார். "ஐயோ முருகா" என்று தலையில் கைவைத்தாள் நிர்மலா.

அபி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். கிழிந்த முட்டைகளிலிருந்து மூன்று காளான்கள் வெள்ளை வலைப் பாவாடை கட்டிக்கொண்டு எழுந்து நின்றன. போனில் பார்த்த அதே படம்! சிரிப்பு தொண்டை வரை பொங்கியது. சட்டென்று கொடியில் கிடந்த தாவணியை எடுத்துக் கூடையை மூடினாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார் மாமா. "இது இன்னா நோவும்மா கோழிக்கு?"

"மாமா, அது கா..." என்று ஆரம்பித்த வளவனின் வாயை அபி இறுக்கப் பொத்தினாள்.

"தெரியல மாமா. ஆனா துன்னா நமக்கும் வந்துடும் போலக்கீது."

குணசேகரன் பையை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய் வாங்கக் கிளம்பினார்.