ஒரே துணியில் இரண்டு கவுன்

மருந்துக்கடையில் அவள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓர் அலமாரி. மேல்தட்டில் உடம்பு இளைப்பதற்கான பொடி, கீழ்த்தட்டில் சதை போடுவதற்கான பொடி. எதை வாங்க வருகிறவர்களுக்கும் ஒரே சோக முகம்தான். இத்தனை காலம் மனசுக்குள் சிரித்துக்கொண்டே பில் போட்டவள், கொழுந்தன் வெளிநாட்டிலிருந்து தான் கட்டப்போகும் பெண்ணின் போட்டோவை அனுப்பிய அன்று, மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவைத் தனக்கே எடுத்துக்கொண்டாள்.

பெண் அப்படி. இடுப்பு எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டும். வீட்டில் ஆளாளுக்குப் போட்டோவைப் பெரிதாக்கி வாயைப் பிளந்தார்கள்.

"கல்யாண விருந்துல நீ அவ பக்கத்துல நின்னா, போட்டோல அவ தெரியவே மாட்டா," என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான் கட்டின புருஷன். அவளுக்குச் சுருக்கென்றது.

போதாக்குறைக்கு மாமியார், இரண்டு மருமகள்களும் ஒன்றுபோல் நிற்க வேண்டும் என்று பச்சைத் துணி எடுத்து, இருவர் அளவையும் வாங்கி, கையோடு கவுன் தைக்கக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் பொடியும் வெந்நீருமாக ஓடியது. மற்றவர்கள் வளைத்துக் கட்டும்போது அவள் கேரட்டைக் கடித்தாள். கன்னம் ஒட்ட ஒட்ட மனசு நிறைந்தது. வயிறுதான் நிறையவில்லை.

விருந்தன்று காலை வாசலில் கார் வந்து நின்றது. கொழுந்தன் இறங்கினான். அவன் பின்னால் இறங்கியது யாரென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. உருண்டை முகம், கொழுகொழுவென்று கை. கண்கள் மட்டும் போட்டோவில் பார்த்த கண்கள். அவள் நேராக வந்து மூத்தவளின் கையைப் பிடித்தாள்; கன்னத்தைத் தடவினாள்; அவனிடம் ஏதோ கேட்டுவிட்டு அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடா சொல்றா?" என்று பதறினார் மாமியார்.

"அண்ணிக்கு என்ன வியாதின்னு கேக்குறா."

"எனக்கா? வியாதியா?" என்றாள் மூத்தவள்.

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அவங்க ஊர்ல இளைச்சிருந்தா வீட்ல சோறு போடலைன்னு அர்த்தம் அண்ணி. இவளைச் சின்ன வயசுலேர்ந்தே குச்சின்னுதான் கூப்பிடுவாங்களாம். உங்க போட்டோவைக் காட்டினேன். இவ்ளோ அழகான மூத்த மருமக இருக்கிற வீட்டுக்கு இப்படியே போனா மானம் போயிடும்னு இவ அம்மா ஒரே பிடியா நின்னு, ரெண்டு மாசமா ஊட்டி ஊட்டி..."

தன் உடம்பைப் பார்த்து ஒருத்தி ஏங்குவாள் என்று மூத்தவள் கனவிலும் நினைத்ததில்லை.

உடை மாற்றும் அறையில் சின்னவளின் ஜிப் பாதியில் நின்று மேலே வர மறுத்தது. மூத்தவளின் கவுன் தோளை விட்டு வழுக்கி இறங்கியது. இருவரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி பாஷை மற்றவளுக்குத் தெரியாது; சிரிப்பு தெரிந்தது. கழற்றி மாற்றிக்கொண்டார்கள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"அடடே, தையல்காரர் கச்சிதமா தைச்சிருக்காரே!" என்று பூரித்துப்போனார் ஒன்றும் அறியாத மாமியார்.

போட்டோவுக்கு நிற்கும்போது புருஷன் காதோடு சொன்னான். "இப்பதான் பாக்க நல்லா இருக்கே."

"வாயை மூடுங்க. என்னை மாதிரி ஆகணும்னு ஒருத்தி கடல் தாண்டி சாப்பிட்டுட்டு வந்திருக்கா," என்றவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். "கொஞ்சம் நகருங்க. கேக் வெட்டறாங்க."