இரண்டாவது முகடு

கலவையைப் பிரித்துக் காட்டும் கருவியின் ஊசி குப்பிக்குள் இறங்கி ஏறியதும் ஹே-ரான் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபத்தைந்து. ஓட்டம் முடிய இருபது நிமிடம். இரண்டு மணிக்குக் கீழ்த்தள அரங்கில் பேராசிரியர் பாங் அவளுடைய கண்டுபிடிப்பை அறிவிக்கப்போகிறார்.

அமினோ அமிலத்தைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வில், அடினைன் என்ற பகுதியின் ஓர் இடத்தில் மெத்தில் என்ற சிறு அணுக்கொத்து ஒட்டியிருப்பது துறையில் எல்லோரும் அறிந்தது. சூட்டில் வாட்டிய ஈஸ்டில் அது வேறோர் இடத்தில், செய்தி சுமக்கும் ஆர்.என்.ஏ.வில் இருப்பதைப்போல, ஒட்டியிருப்பதை அவள் கண்டாள். எடை ஒன்றுதான், இடம்தான் வேறு. நான்கு வருட உழைப்பில் கைக்கு வந்தது இது ஒன்றே.

நேற்று குறிப்பேட்டைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. வாட்டாத ஈஸ்டின் மாதிரி, ஆர்.என்.ஏ.வை உடைக்கும் காரக் கரைசலில் இரண்டு மணி நேரம் இருந்தது. வாட்டியது ஓர் இரவு முழுக்க. அப்பாவின் நினைவு நாள் படையலுக்காக சொந்த ஊரான மொக்போவுக்கு ரயிலைப் பிடிக்க ஓடியவள், குழாயைச் சூட்டுத் தட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். காரத்தில் வெகுநேரம் கிடந்தால் மெத்தில் தானாகவே இடம் மாறும். அதனால் பழைய இடத்தில் மட்டும் மெத்தில் உள்ள தூய பொருளைப் பக்கத்து ஆய்வகத்தில் வாங்கி, அதே கரைசலில் ஓரிரவு ஊறவைத்தாள். திரையில் எட்டாம் நிமிடத்தில் ஒரு முகடு மட்டும் வந்தால் பிழைத்தாள். பன்னிரண்டாம் நிமிடத்தில் இரண்டாவதும் வந்தால், மெத்திலை இடம் மாற்றியது ஈஸ்ட் அல்ல, அவள்தான்.

கிம்பாப் சோற்றுச் சுருளை மென்றபடி ஆய்வு மாணவன் ஜின் வந்தான்.

"அக்கா, முன் வரிசைல இடம் போட்டாச்சு. தலையாவது வாரிக்கிட்டு வாங்க, கூட்டம் பயந்துடும்."

"போடா. இது முடியட்டும்."

குப்பியின் சீட்டைப் படித்தவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"இத யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு ஓட்டக் கூடாதா?"

"மேடைல என் பேரு போடறது இன்னிக்குத்தானே."

எட்டாம் நிமிடத்தில் கோடு எழுந்தது; அழகான, ஒற்றை முகடு. ஜின் மூச்சு விட்டான். ஆனால் ஹே-ரான் அதன் உயரத்தைத்தான் பார்த்தாள். போட்ட அளவுக்கு வர வேண்டியதில் பாதிகூட இல்லை. மீதி எங்கேயோ போயிருந்தது.

போன் அடித்தது. பேராசிரியர் பாங்.

"எங்கம்மா இருக்க? அமைச்சகத்துலேர்ந்து வந்தவங்க உன்னப் பாக்கணுமாம்."

"சார், மேடை ஏறிடாதீங்க."

"என்ன?"

"அது என் தப்பு சார். ஈஸ்ட் ஒண்ணும் பண்ணல."

மறுமுனையில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். திரையில் கோடு, இன்னும் தரையோடு தரையாக, பத்தாம் நிமிடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.